இரண்டாம் தடவை சொன்ன ஜோக்

சலூன்காரர் சட்டையைக் கழற்றும்போதே அன்றைய ஜோக்கை ஆரம்பித்துவிட்டார்.

பத்தொன்பது நாளாக இதுதான் வழக்கம். ஆஸ்பத்திரியில், புற்றுநோய்க்கான கதிர்வீச்சு மேஜையில் ஏறுமுன்பே ஆரம்பம். வயிற்றில் குறித்திருந்த புள்ளிகளை டெக்னீஷியன் சிவப்பு லேசர் கோட்டுக்கு நேராக நகர்த்தி முடிக்கும்போது முடிவு.

"ஒரு சொட்டைத் தலைக்காரர் வந்து, 'இருக்கிறதே எட்டு முடி, எதுக்கு முழுக் கூலி?'ன்னு சண்டை பிடிச்சார். வெட்டுறதுக்கு இல்லைங்க, தேடுறதுக்குத்தான் கூலின்னேன்."

டெக்னீஷியன் ஒப்புக்குச் சிரித்தான். வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல். மூன்று நாளாகப் பொட்டுத் தூக்கமில்லை. கனத்த கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து, கதிரைப் பாய்ச்சும் பொத்தானில் விரலை வைத்தான்.

ஸ்பீக்கரில் சலூன்காரரின் குரல்.

"தம்பி, கொஞ்சம் உள்ள வாங்க. முடிவைத் தப்பாச் சொல்லிட்டேன்."

எரிச்சலை விழுங்கிக்கொண்டு உள்ளே போனான். அவர் முதலிலிருந்து, ஆற அமர, மறுபடியும் சொன்னார். முடிவில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

அந்த அநியாயத்தில் அவனுக்கு நிஜமாகவே சிரிப்பு பீறிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே நாற்காலியில் வந்து உட்கார்ந்தவன், திரையைப் பார்த்தான்.

திறந்திருந்தது அடுத்து வரவேண்டியவரின் கோப்பு. அவருக்கு ஒரே தடவையில் கொடுத்து முடிக்கவேண்டிய கதிர்வீச்சு. சலூன்காரரின் ஒரு நாள் அளவைப்போலப் பத்து மடங்கு.

பொத்தானிலிருந்து தள்ளி உட்கார்ந்து டாக்டரைக் கூப்பிட்டான். சரியான கோப்பைத் திறந்தார்கள். இருவர் சரிபார்த்தார்கள். நான்கே நிமிடத்தில் அன்றைய சிகிச்சை முடிந்தது.

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் அவனே உள்ளே போய், ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டான்.

"உங்க மறதிதான்ணே உங்களைக் காப்பாத்துச்சு" என்றான்.

சலூன்காரர் ஒரு கணம் தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு சிரித்தார்.

"மறதியாவது! இருபது வருஷமாச் சொல்ற ஜோக் அது. புள்ளி பார்க்கும்போது உங்க விரல் நடுங்குச்சு தம்பி. எனக்குக் கை நடுங்கினா கத்தியைக் கீழ வச்சுட்டு, யார்கிட்டயாவது நாலு வார்த்தை பேசிச் சிரிச்சுட்டுத்தான் மறுபடி எடுப்பேன். உங்களுக்குப் பேச அங்க யாரும் இல்லையே, அதான் கூப்பிட்டேன்."