ஐம்பத்தெட்டு செகண்ட்
லேத் மெஷின் முன்னால் நிற்கும் பெரியவரின் பிடரியில் ஆபீஸ்காரனின் மூச்சு படுகிறது. அவன் கையில் ஸ்டாப்வாட்ச். "வெளிநாட்டுக்காரன் இதே சாமான ஒரு நிமிஷத்துல முடிச்சிடறான். நமக்கு எவ்வளவு ஆகுதுன்னு பார்ப்போம்" என்கிறான். இரண்டு நிமிடத்துக்குக் குறையக்கூடாது என்று காலையிலேயே ஆட்கள் கூடிப் பேசிவைத்திருக்கிறார்கள். குறைந்தால் இரண்டு பேர் வேலைக்கு ஒருவனே போதும் என்றாகிவிடும். அடுத்த மெஷினில் நிற்கும் மருமகன், "கிழவன் மாதிரி நடிங்க மாமா" என்று கிசுகிசுக்கிறான். பெரியவர் மெதுவாகத்தான் தொடங்குகிறார். ஆனால் பயம் வந்துவிட்டால் அவர் கைக்குத் தெரிந்தது வேகம் ஒன்றுதான். இரும்புச் சுருள் நீலமாகச் சுழன்று விழுகிறது, எண்ணெய் புகைகிறது. "ஐம்பத்தெட்டு செகண்ட்! பலே பெருசு!" மருமகனின் மெஷின் நின்றுவிடுகிறது. பெரியவரின் பாழாய்ப்போன கை இப்போதுதான் நடுங்க ஆரம்பிக்கிறது.