இருபது சாட்சி

"நாளைக்குப் பத்து மணிக்கு உத்திரமேரூர் கம்பெனி ஆபீசுக்கு வந்துடு. ஆதார் கார்டு எடுத்துக்கினு வா. குத்தகைய கம்ப்யூட்டர்ல ஏத்தணும்."

வண்டியை அணைக்காமலேயே சொல்லிவிட்டுத் தண்டபாணி போய்விட்டார்.

செவ்வந்தி கையில் நாற்றுமுடியோடு வரப்பிலேயே நின்றாள். பதினோரு வருஷமாக அவருடைய ஒரு ஏக்கரில் குத்தகைக்குப் பயிர் வைக்கிறாள். ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. எல்லாம் வாய்வார்த்தை. அறுத்த அன்றே அவர் பங்கு மூட்டை அவர் வீட்டுக்குப் போய்விடும். மழை மூழ்கடித்த வருஷத்தில்கூட அவள் வார்த்தை தவறியதில்லை.

கூட நட்டுக்கொண்டிருந்த மலர்க்கொடி நிமிர்ந்தாள்.

"கையெழுத்து கேக்கறாரா? அப்ப கதை முடிஞ்சுதுன்னு வெச்சிக்க. வாலாஜாபாத்தாண்ட என் நாத்தனாரும் இப்டித்தான் ஒரு பேப்பர்ல கைநாட்டு வெச்சா. அடுத்த போகத்துக்கு அவளை வரப்புலயே கால் வெக்க உடல."

"அந்த மாதிரி ஆளில்லடி இவரு."

"பணக்காரன் கம்ப்யூட்டர் வரைக்கும் போறான்னா சும்மாவா போவான்?"

செவ்வந்தி நாற்றுமுடியை வரப்பில் வைத்தாள். சென்னையில் சென்ட்ரிங் வேலை பார்க்கும் புருஷன் அருள்தாஸுக்குப் போன் போட்டாள்.

"படிச்சிக் காட்டச் சொல்லு. படிக்காம போடாத" என்றான் அவன். அவன் குரலும் இறங்கித்தான் இருந்தது.

மறுநாள் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் கம்பெனி ஆபீசில் தண்டபாணி முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அதுவே செவ்வந்திக்குச் சுருக்கென்றது.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த ஞானசுந்தரி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருக்கா. இதுக்கு பிளாக்செயின்னு பேரு. இங்க ஏத்தற ஒப்பந்தம் இந்த ஒரு கம்ப்யூட்டர்ல மட்டும் இருக்காது. நம்மள மாதிரி இருபது கம்பெனி சேந்து நடத்தறது. இருபது எடத்துலயும் ஒரே நேரத்துல பதிவாயிடும். எவனாவது ஒரு எடத்துல திருத்தினா, மீதி பத்தொம்பதும் காட்டிக் குடுத்துடும்."

"பின்னால வேணாம்னா அழிக்க முடியாதாம்மா?"

"அழிக்கவே முடியாது. மாத்தணும்னா ரெண்டு பேரும் வந்து சம்மதிச்சு, புதுசா ஒண்ணு மேல எழுதணும். பழசும் அப்படியேதான் இருக்கும்."

அழிக்கவே முடியாது. ஏதோ ஒன்றில் மாட்டிவைக்கப் பார்க்கிறார்கள்.

செவ்வந்தி எழுந்து நின்றாள். இத்தனை வருஷத்தில் தண்டபாணிக்கு முன்னால் குரல் உயர்த்தியதில்லை. இன்று உயர்ந்தது.

"பதினோரு வருசம் என் வாய நம்பனீங்களே நைனா. இப்ப என்கிட்ட இன்னா தப்பு கண்டீங்க?"

"ஒரு தப்பும் இல்ல. அந்த மிசின்ல வெரல வை."

"நம்பிக்கை பூட்ச்சின்னா மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. நட்ட நாத்த உட்டுட்டு பூட்றேன். இந்த மிசின்லாம் இன்னாத்துக்கு?"

தண்டபாணி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"படிச்சிக் காட்டும்மா" என்றாள் செவ்வந்தி, ஞானசுந்தரியிடம். "ஒரு எழுத்து உடாம படி."

ஞானசுந்தரி திரையைப் பார்த்துப் படித்தாள்.

"நிலம் பத்து வருஷத்துக்குச் செவ்வந்தி குத்தகையில் இருக்கும். பங்கு இப்போது உள்ளபடியே. இடையில் நிலத்துக்காரர் திரும்பக் கேட்க முடியாது. நிலத்தை விற்றாலும், வாங்குகிறவர் பத்து வருஷம் முடியும்வரை செவ்வந்தியை நிலத்திலிருந்து எழுப்பக் கூடாது. செவ்வந்தி விரும்பினால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்."

செவ்வந்தி திரையை நோக்கிக் குனிந்தாள்.

"மறுக்கா படிம்மா. யார் எழுப்பக் கூடாது?"

ஞானசுந்தரி சிரித்துக்கொண்டே மறுபடி படித்தாள். அதே வரிகள்தான்.

"இத்த யாரு எழுதச் சொன்னது?"

"இவர்தான்க்கா. மூணு தடவை வந்து, 'இன்னும் கெட்டியா எழுது, இன்னும் கெட்டியா எழுது'ன்னு திருத்தினாரு."

செவ்வந்தி விரலை வைத்தாள். தண்டபாணியும் வைத்தார். ஒரு நிமிஷத்தில் அவள் போனுக்கே ஒப்பந்தம் வந்து விழுந்தது.

வெளியே படியிறங்கும்போது அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மன்னிச்சிக்க நைனா. வாய்க்கு வந்தத பேசிட்டேன்."

"பேசினதுல தப்பில்ல."

"என் மேல நம்பிக்கை கீதுன்னா, எப்பவும் போல வாய்வார்த்தையிலயே உட்டிருக்கலாமே. இல்ல, ஒரு பத்திரத்துல எழுதியிருக்கலாம். இத்தினி கெட்டியா இன்னாத்துக்கு?"

தண்டபாணி வண்டிச் சாவியைத் தேடுகிற மாதிரி சட்டைப் பையைத் துழாவினார்.

"போன வாரம் பிளாட் போடறவங்க வூட்டுக்கு வந்தாங்க. அவங்க சொன்ன வெலையக் கேட்டு எனக்குத் தல சுத்திடுச்சி. உன்ன எப்டி எழுப்பலாம்னு ரெண்டு நாளு யோசிச்சிக்கினு இருந்தேன் செவ்வந்தி. பத்திரம்னா என் பீரோவுலதான கெடக்கும், என்னிக்காவது கிழிச்சிடுவேன். உன்ன எப்பவும் நம்பலாம். என்னத்தான் நம்ப முடியல."