எட்டிப் பார்க்க முடியாத குளம்

"குளம் எந்த வடிவத்துல வேணா இருக்கட்டும், ரமிரோ. ஆனா நான் நீந்தும்போது ஒரு காக்கா கூட எட்டிப் பாக்கக் கூடாது!"

ஒப்பந்தக்காரர் ரமிரோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பாதி டெக்சாஸுக்கு நீச்சல் குளம் வெட்டிய கை அவருடையது. ஊர் பார்க்கட்டும் என்று குளம் கட்டியவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார்.

இப்படிக் கேட்ட கான்ராட் விட்டேக்கர் சாமானியர் இல்லை. அந்தக் குடியிருப்பின் வீட்டுக்காரர்கள் சங்கத் தலைவர். யார் வீட்டுக் கதவுக்கு என்ன நிறம், யார் வீட்டுப் புல் எவ்வளவு வளரலாம் என்பதெல்லாம் அவர் வாக்கு. தவிர, கல்லூரிக் காலத்தில் பட்டர்ஃப்ளை நீச்சலில் மாநில சாம்பியன். இது எல்லோருக்கும் தெரியும். ஒரு கூட்டம் தவறாமல் அவரே சொல்லியிருக்கிறார்.

"குளம் முடிஞ்சதும் எங்களுக்கு ஒரு நாள் நீந்திக் காட்டணும், தலைவரே" என்று செயற்குழு கெஞ்சியபோது, "வித்தையைக் கடை விரிக்கிற ஆள் நான் இல்ல" என்று மறுத்துவிட்டார்.

"வேலியை இன்னும் உசத்திடலாமா, சார்?" என்றார் ரமிரோ.

"முடியாது. ஆறடிக்கு மேல வேலி கூடாதுன்னு சட்டம் போட்டதே நான்தான். நாலு பேர் வேலியை அறுக்க வெச்சிருக்கேன். சுத்தி எல்லாம் மாடியில்லாத வீடு. ஆறடி போதும்."

"சரி. அப்புறம் குறை சொல்லக் கூடாது, சார். மெஷின் உள்ள வர வேலியைக் கழட்டணும். புல்தரையை மறந்துடுங்க, முழங்கால் வரை சேறுதான். மழை பெஞ்சா வேலை நிக்கும். இன்ஸ்பெக்டர் வந்து தலையாட்டாம தண்ணி விட முடியாது. கல்யாண வீடு மாதிரின்னு வெச்சுக்கங்க, முடியுற வரைக்கும் வீடு வீடா இருக்காது. ஆங்... அந்தப் பெக்கான் மரம் யாருது? இலையெல்லாம் தண்ணிலதான் கொட்டும்."

மரம் பக்கத்து வீட்டு டெல்பர்ட்டுடையது. ஓய்வுபெற்ற தபால்காரர், நாய் குரைத்தாலும் அதற்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறவர். விட்டேக்கர் அன்றைக்கே அவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"தலைவரே, அந்த மர நிழல்ல உக்காந்துதான் என் வீட்டுக்காரி எட்னா காலையில காபி குடிப்பா."

"வேலி தாண்டி நீளுற மரத்தை வெட்டணும்னு சட்டம் இருக்கு, டெல்பர்ட்."

"எந்தச் சட்டம்?"

"வியாழக்கிழமை கூட்டத்துல போடப் போற சட்டம்."

மரம் போயிற்று. டெல்பர்ட் முகம் சுளிக்கவில்லை. மெஷினுக்கு வழி போதவில்லை என்றபோது தன் பக்கத்துப் பாதையையும் திறந்து விட்டார். தோண்டத் தோண்ட மண் மலையாகக் குவிந்தது.

"இதை லாரில ஏத்தி அனுப்பணும், சார். அது தனிச் செலவு" என்றார் ரமிரோ.

விட்டேக்கர் முகம் கோணுவதற்குள், டெல்பர்ட் குரல் கொடுத்தார்.

"மண்ணு வேணாம்னா எங்களுக்குக் குடுங்க, தலைவரே. எட்னா ரோஜாத் தோட்டம் போடணுங்கிறா. அதுக்கும் சங்கத்துல அனுமதி கேக்கணுமோ?"

"ரோஜாவுக்கு எதுக்குய்யா அனுமதி? நான்தான் சங்கம்! ஒரு பிடி விடாம அள்ளிக்க."

அடுத்த வியாழக்கிழமைக் கூட்டத்தில் அவரே முதல் ஆளாகக் கை தூக்கி ரோஜாத் தோட்ட அனுமதியை நிறைவேற்றியும் வைத்தார். 'செலவில்லாம மண்ணைச் சுமக்க ஒரு ஏமாளி!' என்று மனைவி வெர்னாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. காபியில் சிமெண்ட் தூசி மிதந்ததுதான் மிச்சம் என்று பெட்டியைக் கட்டினாள். மீதி வேலை முடியும்வரை இருவரும் டென்வரில் மகள் வீட்டில் இருந்துவிட்டு, ஒரு சனிக்கிழமை இருட்டிய பிறகு திரும்பி வந்தார்கள். விட்டேக்கர் ஒரு துணிப்பையை விமானம் முழுக்க மடியை விட்டு இறக்கவில்லை.

ஞாயிறு விடியற்காலை. தெரு இன்னும் தூக்கத்தில் இருந்தது. நீளமான துண்டு அங்கியைப் போர்த்திக்கொண்டு, பையோடு பூனை மாதிரி வெளியே வந்தார் விட்டேக்கர். நீல நீர் அசையாமல் மின்னியது. வேலி பழையபடி ஆறடி நின்றது. பலகை இடுக்குகளைக் குனிந்து குனிந்து சோதித்தார். கதவுத் தாழ்ப்பாளை இரண்டு முறை ஆட்டிப் பார்த்தார். ஈ, காக்கா கிடையாது.

நிம்மதியாக மூச்சு விட்டு, பையைத் திறந்து, அங்கியைக் கழற்றினார்.

மாநில சாம்பியனின் இரண்டு புஜங்களிலும் நீச்சல் பழகும் குழந்தைகள் மாட்டுகிற ஆரஞ்சு நிறக் காற்றுப் பைகள் ஏறின. பேத்தியிடம் கெஞ்சி வாங்கி வந்த மஞ்சள் வாத்து மிதவை, தொப்பையைச் சுற்றிக் கிறீச்சென்று உட்கார்ந்தது. குளத்துப் படியின் கைப்பிடியை இறுகப் பற்றி, கண்ணை மூடி, கால் கட்டைவிரலால் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார்.

வானத்திலிருந்து கைதட்டல் கேட்டது.

நிமிர்ந்து பார்த்தார். வேலிக்கு மேலே, அவர் வீட்டு மண்ணாலேயே எழும்பிய பச்சைக் குன்றின் உச்சியில், ரோஜாச் செடிகளுக்கு நடுவே, எட்னா ஊற்றிய காபிக் கோப்பைகளோடு செயற்குழு மொத்தமும் வரிசையாக உட்கார்ந்திருந்தது.

"மர நிழல் போச்சேன்னு எட்னாவுக்கு உக்கார ஒரு மேடு போட்டேன், தலைவரே" என்றார் டெல்பர்ட், வழக்கமான பணிவோடு. "நேத்து ராத்திரி உங்க வீட்டுல விளக்கு எரிஞ்சதும் எல்லாரையும் காபிக்குக் கூப்பிட்டுட்டேன். கூச்சப்படாம இறங்குங்க. சாம்பியன் ஆகறதுக்கு முன்னாடி நீங்க எப்படி இருந்தீங்கன்னு நாங்களும் பாத்த மாதிரி இருக்கும்!"