பிழைக்க வைத்தவள்

ரயில் றொசல்லயில் நின்றதும் பூரணி முதலில் இறங்கி, நல்லமுத்துவைக் கைத்தாங்கலாக இறக்கினாள்.

நல்லமுத்து, செத்துப்போன அக்காவின் மாமியார். கர்ப்பப்பை வாயில் வந்த புற்று போய்விட்டது, இனிப் பயமில்லை என்று கொழும்பு ஆஸ்பத்திரியில் டாக்டர் ரஜனி அன்று காலைதான் சொல்லியிருந்தார்.

தீட்டு நின்று எத்தனையோ வருஷம் கழித்து ரத்தம் பட்டபோது, வெட்கப்பட்டு மறைத்த கிழவியைக் கிளினிக்குக்கு இழுத்துப்போனவள் பூரணி. மருந்து ஏற்றிய நாட்களில் வாந்தியைக் கையில் ஏந்தியதும் அவள்தான். ஆபரேஷன் அன்று, இந்தக் கிழவி சாகக் கூடாது என்று இறம்பொடை அனுமாருக்கு நேர்ந்துகொண்டாள்.

அக்காவைப் படுத்திய பாட்டையெல்லாம் மறந்துவிட்டாளே, இப்படியும் ஒரு மனசா என்று தோட்டத்து லயத்துச் சனமே வியந்தது.

பூரணி எதையும் மறக்கவில்லை.

அக்கா ஜெயந்தினிக்குக் கல்யாணமான புதிதில் கொஞ்சம் வெள்ளை பட்டது. நல்லமுத்து அவளுக்கு 'நாத்தம் புடிச்சவ' என்று பேர் வைத்தாள். தரை கழுவும் மருந்தைத் தண்ணீரில் கலந்து, உள்ளே விட்டுக் கழுவச் சொன்னாள். கழுவாமல் மகன் பக்கம் போகக் கூடாது. எரியுது என்று அக்கா அழுதால், அழுக்குப் போகுது என்பாள்.

வருஷக்கணக்காக.

மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது அக்கா காலை அகட்டி அகட்டி நடப்பாள். மற்றப் பெண்கள் சிரிப்பார்கள். கடைசியில் அக்கா செத்ததும் இதே புற்றில்தான்.

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்த நல்லமுத்து, பூரணியின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பெத்த மக கூட இப்புடிப் பாத்திருக்க மாட்டா, ஆயி. நீதான் எனக்குச் சாமி."

இதற்குத்தான் பூரணி காத்திருந்தாள். நோயில் கிடந்தவளிடம் சொல்லியிருந்தால், வலியோடு வலியாக அதுவும் போயிருக்கும்.

"பொம்பள ஒடம்புக்குள்ள நல்ல கிருமி இருக்காம் அத்தை. தயிரு புளிக்குதே, அந்த மாதிரிக் கிருமி. அந்தப் புளிப்பும், அந்த எடத்துல இருக்குற எதிர்ப்புச் சக்தியும் சேந்துதான் காவலாம். இந்த நோயக் கொண்டுவர்ற வைரஸு நெறைய பேருக்கு வந்து, தானாவே போயிருமாம். காவல் கெட்டுப்போன எடத்துல தங்கிருமாம்."

நல்லமுத்துவின் மடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"அக்காவோட காவல நீங்கதான் கழுவி ஊத்துனீங்க."

நல்லமுத்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

பனி இறங்கிக்கொண்டிருந்தது. பூரணி போர்வையை எடுத்து அவள் தோளைச் சுற்றிப் போர்த்திவிட்டாள்.

"நீங்க நல்லா இருக்கணும் அத்தை. ரொம்பக் காலம் இருக்கணும்."

டாக்டரிடம் பூரணி தனியாகப் போய்க் கேட்டது உண்மை. கிருமி, புளிப்பு, காவல் எல்லாம் அவர் சொன்னவைதான். எழுந்து வரும்போது அவர் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார்.

"ஆனா உங்கட அக்காவுக்கு அதாலதான் வந்தது எண்டு ஒருத்தராலயும் சொல்லேலாது. கழுவாத ஆக்களுக்கும் வருது. இந்த அம்மாவுக்கும் வந்திருக்குத்தானே?"

அதைப் பூரணி சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை.