நடுவில் ஒரு அழுக்கு

கணினித் திரையில் இரண்டு வாயு மேகங்கள் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. அவை மோதியதால்தான் அங்கே நட்சத்திரங்கள் பிறந்தன என்று தமயந்தி தன் ஆய்வுக் கட்டுரையில் எழுத வேண்டும். ஆனால் ஒன்றுக்கு வெகு பின்னால் இன்னொன்று இருந்தாலும் இங்கிருந்து பார்க்க இப்படித்தான் தெரியும். உண்மையில் தொட்டிருந்தால் இரண்டையும் இணைத்து மெல்லிய வாயு இழை ஒன்று இருக்கும். மூன்று வாரமாகத் தேடியும் அது கிடைக்கவில்லை. மேசைமேல் விவாகரத்து மனு இருந்தது. ‘எங்களுக்குள் எந்த ஒட்டுறவும் இல்லை’ என்ற வரிக்குக் கீழே கணவன் கையெழுத்துப் போட்டுவிட்டான். மகளை அழைத்துப்போக வந்தவன் வாசலிலேயே நின்று, “இன்னுமா போடல?” என்றான்.

“ஒரு நிமிஷம்.”

எதற்கு ஒரு நிமிஷம் என்று அவளுக்கே விளங்கவில்லை. திடீரென்று நினைவு வந்தது. படம் பளிச்சென்று இருக்கட்டும் என்று, மங்கலானதையெல்லாம் வேலை தொடங்கிய முதல் நாளே அவள்தான் நீக்கியிருந்தாள். எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்தாள்.

இதழினி ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். “அம்மா, நடுவுல அழுக்கா இருக்கு” என்று சட்டை நுனியால் திரையைத் துடைத்தாள். மறுபடியும் அழுத்தித் துடைத்தாள்.

“போகவே மாட்டேங்குது. அப்பா, நீ உள்ள வந்து பாரேன்.”