வஜ்தி வீட்டு விருந்தாளி

அலெக்சாண்டிரியாவின் கடல் வெளிச்சம் சன்னலில் செம்பு நிறமாக மங்குகிறது. நோன்பு திறக்க இன்னும் ஐந்தே நிமிடம். வஜ்தி உறைபெட்டியில் வைத்திருந்து வெந்நீர்க் கிண்ணத்தில் இளகவிட்ட செத்த எலியை இடுக்கியால் எடுத்து, துணியில் ஒற்றி, கண்ணாடித் தொட்டிக்குள் பாம்பின் முன்னால் வைக்கிறார். மகள் நிஹால் ஜெர்மனிக்குப் போகும்போது விட்டுவிட்டுப்போன சின்ன மலைப்பாம்பு. மூன்று வாரமாக எதையும் தொடவில்லை. கைப்பேசியில் அவள் அனுப்பிய குரல் மறுபடியும் ஓடுகிறது: “அப்பா, நீங்க முறைச்சுப் பாத்துக்கிட்டே நின்னா அது எப்படிச் சாப்பிடும்? திரும்பி உக்காருங்க.”

டிராம் ஓட்டிய காலத்தில் பயணிகளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்ததுபோல, இப்போது தொட்டிக்கு முதுகு காட்டி உட்கார்கிறார். மடியில் தட்டு, அதில் பருப்பு சூப்பு, மூன்று பேரீச்சம்பழம். தொலைக்காட்சியில் நோன்பு திறக்கும் நேரத்தை அறிவிக்கும் பீரங்கி முழங்குகிறது. முதல் பழத்தை வாயில் வைக்கும்போதே பின்னால் தொட்டிக்குள் பரப்பிய சருகுகள் சடாரென்று சிதறுகின்றன; பிறகு, மெல்ல இறுகும் உடம்பின் உரசல். அவர் மெல்லுவதை நிறுத்திக் கேட்கிறார்.

எதிர்வீட்டு ஷாதியா கதவைத் தட்டுகிறாள். “ஹாஜியாரே, இன்னைக்கும் தனியாவா நோன்பு திறக்குறீங்க? எந்திரிச்சு வாங்க, எங்க வீட்டுல சூப்பு ஆறுது!”

“மெதுவாப் பேசும்மா. விருந்தாளி சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க.”

“விருந்தாளியா? உங்க வீட்டுக்கா?”

அவர் தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசிப் பேரீச்சம்பழத்தைத் சிறிது சிறிதாகப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்கிறார். விருந்தாளி சாப்பிட்டு முடிக்கும் முன்னால் வீட்டுக்காரர் எழுந்துவிடுவது மரியாதை இல்லை.