சிவப்புப் பொட்டலம்

"யார் வீட்டு செப்டிக் டேங்க் ஒழுகிப் பொதுக்கிணத்துல கலக்குதுன்னு இன்னிக்குத் தெரிஞ்சிடும்," என்றார் டீச்சர். தெருவில் பாதிப் பேருக்கு வயிறு கெட்டதிலிருந்து, குடிநீரைக் காப்பது பற்றி வாராவாரம் வகுப்பெடுப்பவர். வீட்டுக்கொரு நிறமாகச் சாயப்பொடியைப் பொட்டலம் கட்டி, வீட்டுக்காரர் பெயர் ஒட்டியிருந்தார். எல்லோரும் அதைப் பிரிக்காமலே கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றி ஒரு வாரமாகிறது.

டீச்சரின் கணவர் ஏக குஷியில் இருந்தார். "என்ன டெய்லரே, முகம் வெளுத்துப் போச்சு?" என்று பக்கத்து வீட்டுக்காரரை வம்புக்கிழுத்தார்.

"எனக்கென்ன சார் பயம்?"

வாளி மேலே வந்தது. தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது.

டீச்சர் கணவரை முறைத்தார். "சிவப்பு நம்ம வீட்டுப் பொட்டலம்!"

"ஐயோ, அது நம்மளது இல்ல..." என்று ஆரம்பித்தவர் கப்பென்று வாயை மூடிக்கொண்டார்.

எப்படிச் சொல்வார்? பொட்டலங்களை வீடு வீடாகக் கொடுக்கப் போனவரே அவர்தான். தன் வீட்டு டேங்க்தான் ஓட்டை என்று பயந்து, தன் பெயரையும் டெய்லர் பெயரையும் மாற்றி ஒட்டியவரும் அவர்தான்.

கொல்லையைத் தோண்டி, தண்டச் செலவாகப் புது டேங்க் கட்டினார்கள். கிணற்றில் சாயம் போய்த் தண்ணீர் தெளிந்த அன்று, டெய்லர் ஒரு டம்ளர் மொண்டு வந்து நீட்டினார்.

"தைரியமா குடிங்க சார். அதான் உங்க டேங்கை மாத்தியாச்சே!"

அதில் யார் வீட்டுச் சரக்கு கலந்திருக்கிறது என்பது டீச்சரின் கணவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"குடிங்களேன்," என்றார் டீச்சர் பெருமையாக. "தெருவே பாக்குது."